2 வருஷ வேலைக்கு 13 வருஷம்: சிற்பி செயின்ட் காடன்ஸின் கதை

அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டசபைக்கு நேர் எதிரே, பீக்கன் தெரு ஓரத்தில் ஒரு வெண்கலச் சிற்பம் நிற்கிறது. சுமார் 11 அடி உயரம், 14 அடி அகலம். நடுவில் குதிரை மேல் ஒரு இளம் ராணுவ அதிகாரி. அவரைச் சுத்தி, துப்பாக்கியைத் தோளில் சாய்ச்சு, போர்வையைச் சுருட்டி முதுகில் கட்டி, வரிசையாக நடந்து போகிற கறுப்பின வீரர்கள். முன்னாடி டிரம் அடிக்கிற ஒரு சின்னப் பையன். யாருமே நம்மைப் பார்க்கவில்லை. எல்லாரும் போகிற திசையை மட்டும் பார்க்கிறார்கள்.

இதைச் செய்தவர் அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ். ஒப்பந்தப்படி 2 வருஷத்தில் முடிக்க வேண்டிய வேலை இது. ஆனது 13 வருஷத்துக்கும் மேலே. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வாரம் எக்ஸ்டென்ஷன் கேட்டாலே கைடு முறைக்கிற நம்ம உலகத்தில் இருந்து பார்த்தால் இது கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும். ஆனால் அந்த 13 வருஷத்தில் அவர் என்ன பண்ணிக்கிட்டு இருந்தார், அந்தச் சிலைக்கு முதல் காசு போட்டவர்கள் யார், சிலை வந்த பிறகும் அதில் எது இல்லாமல் போனது, இதெல்லாம் தெரிஞ்சால் அந்தச் சுவரைப் பார்க்கிற விதமே மாறிடும்.

செருப்புக் கடைப் பையன்

1848 மார்ச் 1-ம் தேதி அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார் அகஸ்டஸ். அப்பா பெர்னார்ட் பிரான்ஸ்காரர், செருப்புத் தைக்கிறவர். அம்மா மேரி அயர்லாந்துப் பெண். அயர்லாந்தில் அப்போ உருளைக்கிழங்குப் பஞ்சம். லட்சக்கணக்கான பேர் பசியில் செத்துக்கொண்டும், கப்பல் ஏறிக்கொண்டும் இருந்த காலம். குழந்தைக்கு 6 மாதம் இருக்கும்போது இந்தக் குடும்பமும் கப்பல் ஏறியது. கடைசியில் நியூயார்க்கில் செட்டில் ஆனார்கள். அப்பா அங்கே பெண்களுக்கான பூட்ஸ், ஷூ கடை போட்டார்.

பையனுக்கு 13 வயசு ஆனதும் ஸ்கூல் முடிந்தது. முடிந்தது என்றால், நிறுத்திவிட்டார்கள். என்ன வேலைக்குப் போகிறாய் என்று அப்பா கேட்க, படம் போடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று பையன் சொல்ல, லூயி அவே என்கிற கேமியோ கலைஞரிடம் சேர்த்துவிட்டார்கள். கேமியோ என்பது நகையில் பதிக்கிற சின்ன கல். அதில் ஒரு முகத்தையோ சிங்கத் தலையையோ மேடாகச் செதுக்குவார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற சின்ன இயந்திரத்தில், கட்டை விரல் நகம் அளவு இடத்தில் மூக்கு, கன்னம், காது எல்லாம் வர வேண்டும். ரொம்பக் குறைவான ஆழத்தில் எது முன்னாடி இருக்கிறது, எது பின்னாடி இருக்கிறது என்று கண்ணை நம்ப வைக்க வேண்டும். இந்த வித்தையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

முதலாளி மோசமான கோபக்காரர். ஒருநாள் பையன் சாப்பிட்ட இடத்தில் ரொட்டித் துகள் சிந்திக் கிடந்தது என்று வேலையை விட்டே துரத்திவிட்டார். அப்புறம் மனசு மாறி, வீடு தேடி வந்து, சம்பளம் கூட்டித் தருகிறேன் என்று கூப்பிட்டார். பையன் போகவில்லை. வேறொரு கேமியோ கலைஞரிடம் சேர்ந்தான். பகல் முழுக்க வேலை, ராத்திரி கூப்பர் யூனியனில் இலவச ஓவிய வகுப்பு. இன்னைக்கு நாம் பார்ட்-டைம் என்று சொல்கிற படிப்புதான்.

ஜன்னல் வழியாகத் தெரிந்த போர்

அவன் வேலைக்குச் சேர்ந்த 1861-ல்தான் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஆரம்பித்தது. அடிமை முறையை விட மாட்டோம் என்று பிரிந்து போன தெற்கு மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடுவில் 4 வருஷப் போர். நியூயார்க் வழியாகத் தெற்கே போகிற படைகள் பாட்டுப் பாடிக்கொண்டு தெருவில் நடப்பதை, வேலை செய்கிற ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டே கல் செதுக்கினான் அந்தப் பையன்.

1863 ஜூலை 13. கட்டாய ராணுவச் சேர்க்கையை எதிர்த்து நியூயார்க்கில் கலவரம் வெடித்தது. பணம் கட்டினால் பணக்காரன் தப்பிக்கலாம், ஏழைதான் போக வேண்டும் என்பது சட்டம். கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம் கறுப்பின மக்கள் மேல். கறுப்பினக் குழந்தைகளின் அனாதை இல்லத்தையே கொளுத்தினார்கள். தெருவில் ஆட்களை அடித்துக் கொன்றார்கள். கலவரம் அடங்க 4 நாள் ஆனது. அது அடங்கி 2 நாளில், ஜூலை 18-ம் தேதி, தெற்கே ஒரு கடற்கரையில் கறுப்பின வீரர்கள் படை ஒன்று இதே நாட்டுக்காகக் கோட்டை ஒன்றின் மேல் ஏறிச் செத்தது. அந்தப் படையைத்தான் இவர் பிற்காலத்தில் வெண்கலத்தில் வார்க்கப் போகிறார். அப்போ அவருக்கு வயசு 15. அந்தப் படையின் பேரையாவது கேள்விப்பட்டிருப்பாரா என்பதே சந்தேகம்தான்.

1865 ஏப்ரலில் லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் நியூயார்க் சிட்டி ஹாலில் வைக்கப்பட்டிருந்தபோது, முடிவே தெரியாத வரிசையில் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தான் அந்த 17 வயசுப் பையன். வந்தவன் மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போய் நின்று, இன்னொரு தடவை பார்த்தான். ஒரு முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதாது என்கிற புத்தி அப்போதே இருந்திருக்கிறது.

பாரிஸ், ரோம், ஒரு கல்யாண கண்டிஷன்

1867-ல் அப்பா பாரிஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். கையில் சேமிப்பு 100 டாலர். பாரிஸில் பாதி நாள் கேமியோ செதுக்கிச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்து, மீதி நாள் சிற்பம் படித்து, அடுத்த வருஷம் உலகின் பெரிய கலைப் பள்ளியான எகோல் தே போசார்ட்டில் சேர்ந்தார். 1870-ல் பிரான்ஸ்-பிரஷ்யா போர் வந்தது. ரோமுக்கு நகர்ந்தார். அங்கேயும் அதே கேமியோதான் சோறு போட்டது.

ரோமில் அகஸ்டா ஹோமர் என்கிற பாஸ்டன் பக்கத்து ஓவிய மாணவியைச் சந்தித்தார். காதல். ஆனால் பெண் வீட்டில், கையில் ஒரு பெரிய ஆர்டர் இருந்தால்தான் கல்யாணம் என்றார்கள். பிளேஸ்மென்ட் ஆஃபர் லெட்டர் காட்டச் சொல்கிற மாமனார் எல்லா ஊரிலும் உண்டு போல.

அந்த ஆர்டர் கிடைத்தது. உள்நாட்டுப் போரில் வடக்குக் கடற்படையை நடத்திய அட்மிரல் ஃபாரகட்டுக்கு நியூயார்க்கில் சிலை. 1877-ல் கல்யாணம். 1881-ல் மேடிசன் ஸ்கொயரில் சிலை திறந்தார்கள். அதுவரை அந்த ஊரில் வீரர் சிலை என்றால் விறைப்பாக, கடவுள் மாதிரி நிற்கும். ஃபாரகட்டோ கப்பல் தளத்தில் கால் அகட்டி நிற்கிறார், காற்றில் கோட் நுனி புரள்கிறது. ஒரே நாளில் காடன்ஸ் பெரிய ஆள் ஆனார். அதற்குப் பிறகு வந்ததுதான் நம்ம பாஸ்டன் சுவர்.

சம்பளம் வேண்டாம் என்ற படை

அந்தச் சுவரில் நடக்கிறவர்கள் 54-வது மாசசூசெட்ஸ் படைப்பிரிவு. 1863 ஜனவரி 1-ல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் அமலுக்கு வந்து, கறுப்பின மக்கள் ராணுவத்தில் சேரலாம் என்று ஆனதும் வடக்கில் முதலில் திரண்ட கறுப்பினப் படைகளில் ஒன்று. பல மாநிலங்களில் இருந்து ஆட்கள் வந்தார்கள். அடிமை ஒழிப்புத் தலைவர் ஃப்ரெடரிக் டக்ளஸின் 2 மகன்களும் சேர்ந்தார்கள். ஆனால் அதிகாரிகள் வெள்ளையர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. கர்னலாக வந்தவர் ராபர்ட் கோல்ட் ஷா. அடிமை ஒழிப்பில் தீவிரமான பணக்காரக் குடும்பத்துப் பையன், ஹார்வர்டில் டிகிரி முடிக்காமல் வெளியே வந்தவர். முதலில் இந்தப் பதவி வேண்டாம் என்று சொல்லி, பிறகு மனசு மாறி ஒத்துக்கொண்டவர். வயசு 25. நம்மை விட ஒரு 4 வருஷம் சீனியர், அவ்வளவுதான்.

1863 மே 28-ல் பாஸ்டன் சட்டசபை முன்னாடி அணிவகுத்து, கப்பல் ஏறித் தெற்கே போனார்கள்.

போன இடத்தில் முதல் அடி எதிரியிடம் இருந்து வரவில்லை, சம்பளக் கணக்கில் இருந்து வந்தது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10 டாலர், அதிலும் துணிக்கு 3 டாலர் பிடித்தம். கையில் 7. படை முழுக்க ஒன்று சேர்ந்து அந்தச் சம்பளத்தை வாங்க மறுத்தது. மீதித் தொகையை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது. அதையும் வாங்கவில்லை. பிரச்சினை 6 டாலர் இல்லையே. சமம் என்று ஒத்துக்கொள்ள வேண்டியது மத்திய அரசு. ஒன்றரை வருஷம் போல ஒரு காசு வாங்காமல் சண்டை போட்டார்கள். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி கிடந்தார்கள். 1864-ல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் இறங்கி வந்தது.

நடுவில் அந்த ஜூலை 18. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் பக்கத்தில் மோரிஸ் தீவு. மணலால் கட்டிய வாக்னர் கோட்டை. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் சதுப்பு நிலம், நடுவில் ஒடுங்கிய மணல் பாதை. இருட்டுகிற நேரத்தில் சுமார் 600 பேர் அதில் ஓடினார்கள். ஷா கோட்டை மதில் மேல் ஏறியதும் சுட்டு வீழ்த்தப்பட்டார். கொடி பிடித்தவர் சாய்ந்தபோது வில்லியம் கார்னி என்கிற சார்ஜென்ட் கொடியைப் பிடித்து, உடம்பில் பல குண்டுகளோடு, கீழே விடாமல் திரும்பக் கொண்டுவந்தார். செத்தவர், காயம்பட்டவர், சிறைபட்டவர் என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் கணக்கில் வந்தார்கள். கோட்டை விழவில்லை.

எதிரிகள் ஷாவின் உடலை அவருடைய கறுப்பின வீரர்களோடு ஒரே குழியில் போட்டு மூடினார்கள். வெள்ளை அதிகாரிக்கு அதை விட அவமானம் இல்லை என்று அவர்கள் நினைப்பு. பிறகு உடலை எடுத்துத் தரலாம் என்ற பேச்சு வந்தபோது ஷாவின் அப்பா வேண்டாம் என்றார். தன் ஆட்களோடு இருப்பதே மகனுக்குப் பெருமை, அப்படியே இருக்கட்டும் என்பதுதான் குடும்பத்தின் முடிவு.

முதல் காசு யாருடையது

சிலை வைக்க வேண்டும் என்ற எண்ணம் அரசாங்கத்தில் இருந்து வரவில்லை. முதலில் தென் கரோலினாவிலேயே, 54-வது படையின் வீரர்களும் அந்தப் பகுதியில் அடிமைத்தனத்தில் இருந்து விடுபட்ட மக்களும் கோட்டைக்குப் பக்கத்தில் நினைவுச் சின்னம் வைக்கப் பணம் சேர்த்தார்கள். அடிமையாக இருந்தவர்களிடம் என்ன பணம் இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. அந்த மணல் மண்ணில் எதுவும் நிலையாக நிற்காது, சுத்தி இருந்தவர்களின் வெறுப்பும் விடாது என்று தெரிந்ததும், அந்தப் பணம் சார்ல்ஸ்டனில் கறுப்பினக் குழந்தைகளுக்கு ஷா பேரில் ஒரு பள்ளிக்கூடமாக மாறியது. எனக்கு அதுவும் ஒரு நினைவுச் சின்னமாகத்தான் படுகிறது.

பாஸ்டனில் 1865-ல் தொடங்கியவர் ஜோஷுவா பவன் ஸ்மித். கறுப்பினத்தவர், ஊரறிந்த கேட்டரிங் முதலாளி. இளம் வயதில் ஷா குடும்பத்தில் வேலை பார்த்தவர். தெற்கில் இருந்து தப்பி வந்த அடிமைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர். போர் ஆரம்பத்தில் ஒரு படைப்பிரிவுக்கே சாப்பாடு போட்டு, அந்த பில் ஒழுங்காக வராமல் கடன்பட்டவர். அப்படிப்பட்டவர்தான் ஷாவுக்கு ஒரு சிலை வேண்டும் என்று நிதி திரட்ட ஆரம்பித்தார். செனட்டர் சார்ல்ஸ் சம்னர் மாதிரி பெரிய மனிதர்கள் சேர்ந்தார்கள், கமிட்டி வந்தது, பாஸ்டன் பணக்காரர்களின் நன்கொடையும் வந்தது.

கமிட்டி வந்தால் என்ன ஆகும்? நம்ம காலேஜ் சிம்போசியம் கமிட்டி மாதிரிதான். வருஷங்கள் ஓடின. 1874-ல் சம்னர் இறந்தார். 1879-ல் ஸ்மித் இறந்தார், ஒரு பிடி களிமண்ணைக்கூடப் பார்க்காமல். பணம் மட்டும் வட்டியோடு வளர்ந்துகொண்டே இருந்தது. 1884-ல் ஒருவழியாகக் காடன்ஸோடு ஒப்பந்தம் போட்டார்கள். 15,000 டாலர், 2 வருஷம்.

டிசைன் ரிவ்யூவில் விழுந்த முதல் ஐடியா

காடன்ஸின் ஆசை குதிரை மேல் ஷா, தனியாக, பிரமாண்டமாக. எந்தச் சிற்பிக்கும் குதிரைச் சிலை ஒரு கனவு. ஷா குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. குதிரைச் சிலை பெரிய தளபதிகளுக்கு வைப்பது, எங்கள் பையன் வெறும் கர்னல், இது தற்பெருமையாகிவிடும் என்றார்கள். அப்போதுதான் காடன்ஸ் டிசைனை மாற்றினார். ஷா குதிரையிலேயே இருக்கட்டும், ஆனால் அவர் படையோடு சேர்ந்து போகட்டும், எல்லாம் ஒரே புடைப்புச் சிற்பத்தில் வரட்டும்.

இந்த மாற்றம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் அன்றைய அமெரிக்காவில் பொது இடச் சிலைகளில் கறுப்பினத்தவர் என்றால், விலங்கு உடைந்து மண்டியிட்டு நன்றியோடு மேலே பார்க்கிறவர் என்பதுதான் வழக்கமான வடிவம். சீருடையில், ஆயுதத்தோடு, நிமிர்ந்து நடக்கிற ஆட்களாகக் காட்டியது பெரிய விஷயம். ஒரு குடும்பத்தின் அடக்கமும் ஒரு சிற்பியின் பிடிவாதமும் மோதியதில் அது நடந்தது.

முதலில் பின்னணியில் லேசாகத் தெரிகிற வரிசையாகத்தான் வீரர்களை நினைத்திருந்தார். வேலை செய்யச் செய்ய அவர்கள் களிமண்ணில் இருந்து வெளியே வர ஆரம்பித்தார்கள். நியூயார்க்கில் தெருவில் பார்க்கிற கறுப்பின ஆட்களைக் கூலி கொடுத்து ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்து, சுமார் 40 தலைகளைத் தனித்தனியாகச் செய்தார். அதில் இருந்து தேவையானதைத்தான் சுவரில் வைத்தார். தாடி வைத்த பெரியவர், மீசை முளைக்காத பையன், ஒடுங்கிய கன்னம், அகலத் தாடை என்று ஒரு முகம் மாதிரி இன்னொன்று கிடையாது. காப்பி பேஸ்ட் பண்ணியிருந்தால் கமிட்டி கண்டுபிடித்திருக்காது. அவர் பண்ணவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லணும். காடன்ஸ் தன் நினைவுக் குறிப்புகளில் இந்த மாடல்களைப் பற்றி எழுதியிருக்கிற விதம் இன்றைக்குப் படிக்கக் கூசும். அந்தக் காலத்து வெள்ளையர்களின் கிண்டலும் மட்டமான பொதுமைப்படுத்தலும் அதில் இருக்கிறது. அவர் பேனா பிடித்த கையிலும் களிமண் பிடித்த கையிலும் ஒரே மனுஷன் இல்லையோ என்று தோன்றும். காலம் பழசு என்று சொல்லி இதைத் தள்ளிவிடவும் முடியவில்லை, இதை வைத்து அந்த முகங்களை வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. எழுதும்போது ஒரு கூட்டத்தைப் பார்த்தவர், செதுக்கும்போது ஒவ்வொரு ஆளாகப் பார்க்க வேண்டியிருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இப்போ கேமியோவை ஞாபகப்படுத்திக்கோங்க. சுவரில் ஷாவும் குதிரையும் கிட்டத்தட்ட முழுச் சிலையாக வெளியே நிற்கிறார்கள். முன் வரிசை வீரர்கள் பாதிக்கு மேல் வெளியே. அடுத்த வரிசை இன்னும் குறைவு. கடைசி வரிசைத் துப்பாக்கிகளும் மேலே மிதக்கிற தேவதையும் சுவரில் கோடு போட்ட அளவுக்கு மெல்லிசு. மூன்று அடிக்கும் குறைவான ஆழத்தில் ஒரு தெருவையே நிறைத்துப் போகிற படை வந்துவிட்டது. 13 வயசில் கட்டை விரல் நகத்தில் கற்றுக்கொண்ட ஆழக் கணக்கு, 14 அடிச் சுவரில் வேலை செய்கிறது.

ஏன் இத்தனை வருஷம் ஆனது? உண்மையான குதிரையைக் கொண்டுவந்து வைத்துச் செய்தார். தேவதையின் முகத்தைத் திரும்பத் திரும்ப மாற்றினார். தேவதையே வேண்டாம் என்று சொன்ன நண்பரோடு கடிதத்திலேயே சண்டை போட்டார். நடுவில் வேறு ஆர்டர்களும் எடுத்தார். 1887-ல் சிகாகோவில் நிற்கும் லிங்கன், 1891-ல் வாஷிங்டனில் ஆடம்ஸ் கல்லறைச் சிற்பம், இரண்டுமே இன்றைக்கும் பேசப்படுகிறவை. கமிட்டி கோபப்பட்டது. நியாயம்தான், பணம் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டு இருந்தார்கள். மாடல் கூலி, உதவியாளர் சம்பளம், ஸ்டுடியோ செலவு எல்லாம் சேர்ந்து அந்த 15,000 டாலரைத் தாண்டிப் போனது. அதன் பிறகு அவர் தன் கைக்காசில்தான் வேலை செய்தார்.

1897 மே 31

திறப்பு விழா, போரில் இறந்தவர்களை நினைக்கிற நாளை ஒட்டி வைக்கப்பட்டது. 54-வது படையும் அதற்குப் பிறகு திரண்ட மற்றக் கறுப்பினப் படைகளும் மிச்சம் வைத்த ஆட்கள் வந்திருந்தார்கள். 34 வருஷம் முன்னாடி இதே தெருவில் இளைஞர்களாக நடந்தவர்கள், இப்போ நரைத்த தலையோடு, சிலர் நொண்டிக்கொண்டு, அதே வழியில் நடந்தார்கள். வெண்கலத்தில் நடப்பவர்கள் போருக்குப் போகிற திசையில் போகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் உயிரோடு நடப்பவர்கள் திரும்பி வந்தவர்கள்.

வில்லியம் கார்னி அன்றைக்கும் கொடி பிடித்து வந்தார். வாக்னர் கோட்டைக்காக அவருக்கு நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது அதற்கும் 3 வருஷம் கழித்து, 1900-ல். புக்கர் டி. வாஷிங்டன் பேசினார். தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸும் பேசினார். அவருடைய தம்பி வில்கி இந்தப் படையில் அதிகாரியாக இருந்து வாக்னரில் மோசமாகக் காயம்பட்டவர். ஷாவின் அம்மா உயிரோடு இருந்து மகனைப் பார்த்தார். அப்பா 1882-லேயே போய்விட்டார்.

கூட்டத்தில் நின்ற காடன்ஸை எதை விடவும் அதிகமாக உலுக்கியது அந்தக் கிழவர்களின் நடைதான். 13 வருஷம் கூலி மாடல்களை வைத்துத் தேடிய ஆட்கள், அன்றைக்குத்தான் நிஜத்தில் அவர் முன்னாடி நடந்து போனார்கள்.

அவர் அதோடு நிறுத்தவும் இல்லை. வெண்கலம் ஊரில் நின்ற பிறகும் பிளாஸ்டர் வடிவத்தைப் பாரிஸுக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டே இருந்தார். 1900 பாரிஸ் கண்காட்சியில் அதற்குப் பெரிய பரிசு கிடைத்தது. அந்தப் பிளாஸ்டர் இப்போ வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதே 1900-ல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நியூ ஹாம்ப்ஷயரில் கார்னிஷ் என்கிற ஊரில் தங்கி வேலையைத் தொடர்ந்தார். 1903-ல் நியூயார்க்கில் ஜெனரல் ஷெர்மன் சிலை. 1904-ல் ஸ்டுடியோ தீப்பிடித்து நிறைய வேலைகள் அழிந்தன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் கேட்டு 20 டாலர் தங்கக் காசை வடிவமைத்தார். காசும் கேமியோ மாதிரிதானே, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர்ந்த மாதிரி. காசு மக்கள் கைக்கு வரும் முன்னாடியே, 1907 ஆகஸ்ட் 3-ல் இறந்தார். வயசு 59.

முகம் இருந்தது, பேர் இல்லை

இப்போ ஆரம்பத்தில் சொன்ன விஷயம். அந்தச் சிலையில் என்ன இல்லாமல் போனது?

பேர். சுவரின் பின்பக்கம் செத்துப் போன அதிகாரிகளின் பேர்கள் பொறிக்கப்பட்டன. எல்லாரும் வெள்ளையர்கள். சாதாரண வீரர்கள் பேர் ஒன்றுகூட இல்லை. முன்பக்கத்தில் இருக்கிற முகங்களும் நியூயார்க் மாடல்களின் முகங்கள்தான், படையில் இருந்தவர்களின் முகங்கள் கிடையாது. ஆக, முகம் கொடுத்தவர்கள் போருக்குப் போகவில்லை. போருக்குப் போனவர்களின் பேர் கல்லில் இல்லை. சம்பளப் பட்டியலில் சமமாக எழுதச் சொல்லி ஒன்றரை வருஷம் பட்டினி கிடந்த படைக்கு, கல்வெட்டிலும் அதே நிலைமை.

திறப்பு விழா முடிந்து 80 வருஷத்துக்கு மேலே கழித்து, 1980-களின் தொடக்கத்தில் சிலையைப் பழுது பார்த்தபோதுதான், வாக்னர் கோட்டையில் இறந்த வீரர்களின் பேர்களைப் பின்பக்கத்தில் செதுக்கினார்கள். அதற்கும் மக்களிடம்தான் நிதி திரட்டினார்கள். சமீபத்தில் 2020-லும் சிலையைக் கழற்றி எடுத்துப்போய்ச் சரி செய்து, அடித்தளத்தைப் புதுசாகக் கட்டி, மறுபடியும் நிறுத்தினார்கள். ஜோஷுவா ஸ்மித் 1865-ல் ஆரம்பித்த வசூல் இன்னும் முடியவில்லை என்றுகூடச் சொல்லலாம்.

ஒரு நினைவுச் சின்னத்துக்குக் காசு கொடுத்துவிட்டால் நம்ம கடமை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். பாஸ்டன் கதையைப் பார்த்தால், காசு முதல் வேலை மட்டும்தான். யாரைக் குதிரையில் ஏற்றுவது, யாரை நடக்க விடுவது, யார் முகத்துக்கு 13 வருஷம் செலவழிப்பது, யார் பேரைக் கல்லில் வெட்டுவது, இதெல்லாம் காசு வந்த பிறகு ஒவ்வொரு தலைமுறையும் உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டிய விஷயங்கள். காடன்ஸ் இதில் ஒரு பாதியைச் சரியாகப் பண்ணினார். அதைப் பண்ண வாழ்க்கையில் 13 வருஷத்தைக் கொடுத்தார். மீதிப் பாதியை, பேர் வெட்டுகிற பாதியை, அவர் காலத்தில் யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

நேரம் கிடைத்தால் ஷா மெமோரியல் என்று தேடி, போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாருங்க. முதலில் கண்ணு குதிரை மேலேதான் போகும். போகட்டும். அப்புறம் இரண்டாவது வரிசைக்கு வாங்க. துப்பாக்கிகளுக்கு நடுவில், பாதி மறைந்த மாதிரி நிற்கிற அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்க. முடிந்தால் பின்பக்கப் போட்டோவையும் தேடி, அந்தப் பேர்களைப் படிங்க.